பத்தாம் தேதி மழை

ஏப்ரல் பிறந்தால் அந்தப் பள்ளியில் முதல் பரீட்சை சுவர்களுக்குத்தான். வருஷம் பூராவும் பல்லிகளுக்கும் ஒயர்களுக்கும் மட்டும் இடம் கொடுத்துவந்த சுவர்களில் ஒரே வாரத்தில் சூரியக் குடும்பம் ஏறும், மனித இதயம் ஏறும், சரிவிகித உணவு ஏறும், எந்தப் பிள்ளையும் கேட்டிராத ஒரு பனிக்கரடியும் ஏறும். இதற்குக் கற்றல் கொண்டாட்டம் என்று பெயர். படிப்பதற்கு ஆன நேரத்தைவிடப் படித்ததாகக் காட்டுவதற்கு ஆகும் நேரம் அதிகம். ஃபெவிகாலும் அதிகம்.

பட்டினப்பாக்கத்தில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த தொடக்கப் பள்ளி அது. ஐந்தாம் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். அவர்களில் பத்துப் பேர் அமைச்சர்கள். ஜூன் மாதமே வகுப்பு அமைச்சரவை அமைத்து, ஆளுக்கொரு இலாகா கொடுத்து, சட்டையில் குத்திக்கொள்ள அட்டையும் வெட்டிக் கொடுத்துவிட்டார் ஷண்முகப்ரியா மிஸ். அஸ்வினிக்கு உணவுத் துறை மேல்தான் கண். காலைச் சிற்றுண்டி வந்ததும் முதல் கரண்டியை ருசி பார்க்கும் அதிகாரம் அந்தத் துறைக்கு உண்டு. ஆனால் அது ராபர்ட்டுக்குப் போய்விட்டது. ராபர்ட் எதையும் ருசி பார்ப்பான், சந்தேகம் இருந்தால் இரண்டாவது தடவையும் பார்ப்பான். அவனுக்கு எப்போதும் சந்தேகம் இருந்தது. கடைசியில் யாரும் சீண்டாத வானிலைத் துறை அஸ்வினியின் தலையில் விழுந்தது.

வானிலை அமைச்சருக்கு வேலை ஒன்றே ஒன்று. வகுப்பின் பின்சுவரில், மாதத்துக்கு ஒன்றாகத் தொங்கும் சார்ட்டில், தேதி போட்ட கட்டங்களில் தினமும் ஒரு படம் வரைய வேண்டும். வெயில் என்றால் சூரியன். மழை என்றால் மேகமும் மூன்று துளியும். காற்று என்றால் கொடி. "தினமும் பார்த்துப் போடணும், என்ன?" என்றார் மிஸ். அஸ்வினி தலையை ஆட்டினாள். சோற்று மணி அடித்ததும் பார்ப்பதற்காக ஓடினாள்.

அவள் ஓடியது ஜன்னலுக்கு அல்ல. ரோட்டைத் தாண்டி, அம்மா வசந்தி மீன் விற்கிற இடத்தைத் தாண்டி, மணலில் தார்ப்பாய் கட்டியிருந்த நிழலுக்கு. அவளுடைய அப்பா குப்பன் விடியுமுன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போய், பத்து மணிக்குத் திரும்பி, மீனை வசந்தியிடம் தள்ளிவிட்டு, மத்தியானம் அந்த நிழலில் கேரம் ஆடுவார். அங்கே இன்றைக்கு வானம் எப்படி என்று யாரும் பேசி அஸ்வினி கேட்டதே இல்லை. இன்றைக்குத்தான் போய்விட்டு வந்தாகிவிட்டதே. நாளைக்கு எப்படி? அதுதான் பேச்சு.

"நைனா, நாளிக்கி இன்னா?"

நாலு பேர் ஆடினால் நாலு பதில் வரும். குப்பன் ஸ்டிரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கடலைக் கேரம் போர்டைப் பார்ப்பதுபோலவே பார்ப்பார்.

"வெயிலுதான். போ, போய் சோறு துன்னு."

அவள் திரும்பி வந்து, கடைசிப் பீரியடில் ஸ்டூல் மேல் ஏறி, மறுநாள் தேதி போட்ட கட்டத்தில் சூரியனை வரைந்தாள். ஜூனிலிருந்து ஏப்ரல்வரை அப்படித்தான் வரைந்தாள். வெள்ளிக்கிழமைகளில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்றையும் கேட்டு வாங்கி வரைந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. இருபத்து மூன்று பேரில் இருபது பேர் வீட்டில் போட் இருந்தது, அல்லது போட்டில் போகிறவர் இருந்தார். மிஸ்ஸுக்கோ நேரமில்லை. அவர் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். பாடம் நடத்துவது, நடத்தியதைப் போட்டோ எடுப்பது, போட்டோவைச் செயலியில் ஏற்றுவது, ஏறவில்லை என்றால் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி சிக்னல் பிடிப்பது என்று நாள் போய்விடும். மாதக் கடைசியில் சார்ட்டைப் படம் எடுப்பார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். நிரம்பிய கட்டத்தை யார் கேள்வி கேட்கிறார்கள்?

இந்த வருஷம் கொண்டாட்டத்துக்கு ஒரு பரிசும் இருந்தது. சிறந்த வானிலை சார்ட் வைத்திருக்கும் வகுப்பை நுங்கம்பாக்கத்தில் உள்ள வானிலை ஆபீசுக்கு பஸ்ஸில் அழைத்துப்போவார்கள். பஸ் என்றதுமே ஐந்தாம் வகுப்பில் ஜன்னல் சீட்டுக்காக ரத்தம் சிந்தியாகிவிட்டது. ராபர்ட்டின் ரத்தம்தான், மூக்கிலிருந்து.

அஸ்வினிக்கு ஜன்னல் சீட் வேண்டாம். அந்த ஆபீசுக்குள் போக வேண்டும். அங்கே ஒருவரைப் பிடித்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

அவள் வீட்டில் அந்த ஆபீசுக்குக் கெட்ட பெயர். "ஏசி ரூம்ல குந்திக்கினு காத்தப் பத்திப் பேசுறானுங்க" என்பார் குப்பன். நவம்பர் மாதம் ஒருநாள், காற்று வரும், கடலுக்குப் போகாதே என்று அந்த ஆபீஸ் சொன்னபோது, குப்பன் கடலைப் பார்த்துச் சிரித்தார். "இத்தப் பாத்தா காத்து வர்ற கடலு மாதிரியா கீது?" அஸ்வினி மறுநாள் கட்டத்தில் சூரியனை வரைந்தாள். மறுநாள் வந்தது புயல். கரையில் காயப்போட்டிருந்த வலை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு குப்பன் அந்த ஆபீசைத் திட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் முன்னைப்போல் சிரித்துக்கொண்டு திட்டுவதில்லை. கடலைப் பார்க்காமலே அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இதுதான் அவளுடைய கேள்வி.

கொண்டாட்டம் வியாழக்கிழமை, ஏப்ரல் ஒன்பது. மறுநாள் பத்தாம் தேதியோடு பள்ளி முடிகிறது. சார்ட்டின் கடைசிக் கட்டமும் அதுதான்.

அன்றைக்கும் சோற்று மணிக்கு அஸ்வினி போய்க் கேட்டாள். "வெயிலுதான், இது இன்னா கேள்வி ஏப்ரல் மாசத்துல?" என்றார் குப்பன். அவள் திரும்பி வந்து ஸ்டூலில் ஏறினாள். கையில் நீலக் கிளிட்டர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கடைசிக் கட்டத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மேகம் வரைந்தாள். வழக்கமாக மூன்று துளி. இதற்கு ஒன்பது போட்டாள்.

இரண்டு மணிக்கு உதவிக் கல்வி அலுவலர் வந்தார். எல்லோரும் ஏ.இ.ஓ. என்பார்கள். சுந்தரராமன் என்று பெயர், மயிலாப்பூர்க்காரர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். அன்று அவருக்கு அது மூன்றாவது பள்ளி. மூன்று பள்ளிகளிலும் எரிமலை வெடித்தது, மூன்றிலும் சோடா உப்பு. மூன்று சால்வைகள் காரில் கிடந்தன. நாலாம் வகுப்பின் வானிலை சார்ட் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே கையெழுத்து, ஒரே மஞ்சள் ஸ்கெட்ச், அநேகமாக ஒரே நாளில் எழுதியது. டிசம்பர் முழுக்கச் சூரியன்.

"நீட்!" என்றார். பிறகு ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்து, பின்சுவருக்குப் போய், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னிக்குத் தேதி என்னம்மா?"

"ஒன்பது சார்" என்றார் ஷண்முகப்ரியா மிஸ்.

"அப்போ பத்தாம் தேதி மழை எப்படிப் பெய்ஞ்சுடுத்து?"

மிஸ் சார்ட்டைப் பார்த்தார். பத்து மாதத்தில் முதல் தடவையாக நிஜமாகவே பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் தி. நகர் கழன்று திருநெல்வேலி வெளியே வரும்.

"ஏட்டி அஸ்வினி! என்னட்டி செஞ்சு வச்சிருக்க?"

"நாளிக்கிதான் மிஸ் போட்டேன்."

"நாளைக்கு உள்ளத எதுக்கு இன்னைக்குப் போட்ட?"

அஸ்வினிக்குக் கேள்வியே புரியவில்லை. "டெய்லி அப்டித்தான மிஸ் போடுறேன். நைனாவக் கேட்டுப் போடுறேன்."

"டெய்லியா?" மிஸ் அருகே இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். செயலியில் ஏற்றிய பத்து மாதப் போட்டோக்களும் அவர் கண் முன்னால் வரிசையாக வந்து போயின.

"பாத்தேளா, இது பதிவே இல்லை" என்றார் ஏ.இ.ஓ., பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் தங்கத்திடம். "ஆரூடம். பரிசு நாலாம் கிளாசுக்கே குடுத்துடலாம்."

ராபர்ட்டால் பொறுக்க முடியவில்லை. பஸ் கிளம்பிப் போவதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான்.

"சார், இன்னிக்கி பத்தி எதுக்கு சார் எழுதணும்? ஜன்னலாண்ட போனா தெரியுமே!"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஏ.இ.ஓ. சிரிக்கவில்லை, ஆனால் ஜன்னலைப் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முயன்றார். உடனே எதுவும் அகப்படவில்லை.

"சும்மா போட்டது இல்ல சார்" என்றாள் அஸ்வினி. "நெறய கரீட்டா வந்துக்கீது."

"எத்தனை?"

அது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டுமல்ல, யாருக்கும் தெரியாது. அப்போதுதான் தங்கம் மிஸ் தொண்டையைச் செருமினார். எதையும் எழுதிவைக்கிறவர் தங்கம் மிஸ். எட்டு வருஷத்துக்கு முன் மேலிடத்திலிருந்து ஒரு விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குப் பிறகு, பள்ளியில் காக்கை எச்சமிட்டாலும் குறித்துவைப்பார். மழை காரணமாகக் காலை வழிபாடு வகுப்பறையில், மழை காரணமாக விளையாட்டு ரத்து, மழை காரணமாக விடுமுறை, எல்லாம் அவருடைய பதிவேட்டில் தேதியோடு இருந்தன.

பதிவேடு வந்தது. ஜெனிதா நன்றாக வாசிப்பாள், இதயத்தைப் பற்றிப் பேசுவதற்காகச் சிவப்புத் தாளில் இதயம் போல் உடுத்தியிருந்தாள். அந்த இதயம் பெஞ்சு மேல் ஏறி நின்று தேதிகளை உரக்க வாசித்தது. "ஆகஸ்ட் பன்னெண்டு!" ராபர்ட் சார்ட்டில் விரலை ஓட்டினான். "மழ! கரீட்டு!" "அக்டோபர் இருவத்தி ரெண்டு!" "மழ! கரீட்டு!" மற்றவர்கள் கரும்பலகையில் கோடு இழுத்தார்கள். ஒருவன் இழுத்த கோட்டை இன்னொருவன் தப்பு என்று அழித்தான், அழித்தவனை மூன்றாமவன் தள்ளினான். நவம்பரில் ஒரு தேதிக்குச் சார்ட்டில் சூரியன் இருந்தது. "இல்ல சார், ஊத்திக்கிச்சு" என்றான் ராபர்ட், தன் வீட்டு இழவைச் சொல்வதுபோல. எரிமலைக்காரன் தன் எரிமலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். கொண்டாட்டத்தில் முதல் தடவையாக யாரும் கொண்டாட்டத்தைப் பற்றி நினைக்கவில்லை. போட்டோ எடுக்கக்கூட மிஸ் மறந்துபோனார்.

பள்ளி நாட்களில் நிஜமாகப் பெய்த மழை இருபத்தொன்பது. அதில் இருபத்து நாலு சார்ட்டில் சரி. ஐந்து கோட்டை விட்டது. அது தவிர, சார்ட்டில் மட்டும் பெய்த மழை நாலு.

ஏ.இ.ஓ. கரும்பலகையை வெகுநேரம் பார்த்தார். "இருபத்தொன்பதுக்கு இருபத்து நாலா?" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு அதிகாரி என்கிற ஞாபகம் வந்தது. "சரி. ஆரூடம்னா அதுக்கும் ஒரு பரீட்சை உண்டு. நாளைக்கு மழைன்னு போட்டிருக்கே. நாளைக்கு ஸ்கூல் முடியறதுக்குள்ள நான் வர்றேன். பெய்ஞ்சா பஸ் உங்களுக்கு. இல்லேன்னா நாலாம் கிளாசுக்கு."

வகுப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. இருபத்தொன்பதுக்கு இருபத்து நாலு எடுத்த அமைச்சர் இதிலா கோட்டை விடுவாள்? ராபர்ட் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தே விட்டான்.

அஸ்வினி மட்டும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வராந்தாவுக்கு வந்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் ஏ.இ.ஓ. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வடாம் பிழியாதே... ஆமா, மழை வரும்ங்கறா... யார் சொன்னாளா? ஒரு மந்திரியே சொல்லியிருக்கா, போறுமா?... நீ கூழ் கிண்டாதே, அவ்வளவுதான்."

அவள் தண்ணீர் குடிக்காமலே திரும்பினாள்.

மறுநாள் பத்தாம் தேதி. காலையிலேயே வெயில் வந்து பள்ளி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. வானத்தில் மேகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு இல்லை. பதினோரு மணிக்குப் பிள்ளைகள் அஸ்வினியைப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கும் பார்த்தார்கள். சோற்று மணிக்கு அவள் மணலுக்கு ஓடினாள்.

"நைனா, இன்னிக்கி மய வருமா?"

கேரம் நின்றது. அவள் இன்றைக்கு என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"மயயா? ஏன், உங்க ஆபீசரு அழுவுறாரா?" என்றார் குப்பன். ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்தினார். "வராது கண்ணு. நேத்தே சொன்னன்ல?"

"நாளிக்கி?"

"நாளிக்கும் வராது. மண்டைய பொளக்குற வெயிலு. இன்னாத்துக்குக் கேக்குற?"

அவள் பள்ளிக்குத் திரும்பி ஓடினாள்.

மூன்று மணிக்கு ராபர்ட் அவளைக் கதவுக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"இன்னாடி, வருமா வராதா?"

"வராது."

"உங்க நைனா சொன்னாருன்னுதான போட்ட?"

அவள் சுவரைப் பார்த்தாள். ராபர்ட்டுக்கு விளங்கிவிட்டது. உணவுத் துறையில் பத்து மாதம் இருந்தவனுக்கு வெறும் முகத்தைப் பார்த்தே உப்பு இல்லை என்று தெரியும்.

"செரி வுடு. மாடில டேங்க் கீதுல்ல? தட்டு கழுவுறப்ப நான்தான மோட்டார் போடுவேன். ஆப் பண்ணாம வுட்டா மேலேந்து ஊத்தும். ஜன்னலாண்டதான் ஊத்தும். மழ மாதிரியே இருக்கும்."

அஸ்வினி வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ராபர்ட் இரண்டாவதை மட்டும் கேட்காததுபோல் போய்விட்டான்.

மூன்றரை மணிக்கு வாசலில் கார் நின்றது. சுந்தரராமன் இறங்கினார். அந்த வெயிலில், வேர்த்து விறுவிறுத்து, அவர் கையில் ஒரு கறுப்புக் குடை இருந்தது. நேற்று சொன்னதை நம்பிக் காலையிலேயே எடுத்துவைத்த குடை. தெருவில் போகிறவர்கள் அதைப் பார்ப்பது தெரிந்ததால் அதை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தார். ஐந்தாம் வகுப்பின் வாசற்படியில் அவர் கால் வைத்த நேரமும் மேலே டேங்க் நிரம்பிய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

ராபர்ட் கணக்குப் போட்ட ஜன்னல் பக்கம் விழவில்லை. வாசல் பக்கம் விழுந்தது. தடதடவென்று விழுந்தது. பழக்கம் யாரை விட்டது? ஏ.இ.ஓ. குடையை விரித்துவிட்டார்.

வகுப்பு எழுந்து நின்று பார்த்தது. சுற்றிலும் வெயில். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் மழை. அதற்குக் கீழே குடை பிடித்த ஓர் அதிகாரி.

"மழ சார்!" என்றான் ராபர்ட், நம்பிக்கையோடு. "பத்தாம் தேதி!"

ஏ.இ.ஓ. குடையைச் சற்றுச் சாய்த்து அண்ணாந்து பார்த்தார். மழையில் கொஞ்சம் பாசி வாசனை அடித்தது.

ஒரு கணம் எல்லாமே அஸ்வினியின் வாயில் இருந்தது. ஆமாம் சார் என்று சொன்னால் இருபத்து மூன்று பேரும் சேர்ந்து ஆமாம் சார் என்பார்கள். அந்த ஆள் சிரித்துவிடக்கூடும். சிரித்தால் பஸ். அவளுக்கு நவம்பர் மாதத்து அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. பொய்ச் சூரியன் ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. அதைப் பற்றிக் கேட்கத்தான் போக வேண்டும். பொய் மழையில் ஏறிப் போய் அதை எப்படிக் கேட்பது?

"அது டேங்க் தண்ணி சார்" என்றாள்.

"அடியேய்!" என்றான் ராபர்ட்.

"மழ வராதுன்னு நைனா நேத்தே சொல்ட்டாரு. நான்தான் ஆசப்பட்டு மேகம் போட்டேன்."

ஷண்முகப்ரியா மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்கள். ஏ.இ.ஓ. குடையை மடக்கி, உதறி, உள்ளே வந்து, ஒரு குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

"உன்னை நம்பி எங்காத்துல வடாம் பிழிய வேண்டாம்னு சொல்லிட்டேன், தெரியுமோ? ஒரு நாள் வெயில் தண்டம். காத்தாலேர்ந்து மாமி என்னோட பேசலை. எதுக்கும்மா ஆசைப்பட்டே?"

அஸ்வினி கிளிட்டர் ஒட்டிய விரலைத் தேய்த்தாள். ராபர்ட்தான் பதில் சொன்னான், கோபமாகவே. "மழ பெஞ்சா யாரையும் வீட்டுக்கு வுட மாட்டாங்க சார். டிசம்பர்ல ஒருவாட்டி ஆறு மணி வரிக்கும் இங்கியேதான் இருந்தோம். பெரிய மிஸ் பன்னு வாங்கிக் குட்தாங்க. அந்தாக்ஷரி ஆடுனோம். இன்னிக்கிதான கடைசி நாளு, அத்தொட்டு போட்டிருப்பா. லூசு."

வாசலில் இன்னும் டேங்க் தண்ணீர் சொட்டியது.

அஸ்வினி பின்சுவருக்குப் போனாள். "சார், நேத்து ஒன்பது தப்புன்னு எண்ணுனோம்ல? அதுல ஏழு நான் போட்டது. இது, ஸ்போர்ட்ஸ் டே, எனக்கு ஓட புடிக்கல, அதுக்கு மழ. இது, கணக்கு டெஸ்ட்டு. இது, என் பொறந்தநாளு, அதுக்கு வெயிலு, ஆனா ஊத்துச்சு." ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சொன்னாள். ஏழுக்கும் ஏழு ஆசைகள் இருந்தன. "நைனா சொல்லித் தப்பானது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு தூறல், சொல்றதுக்கில்ல. இன்னொண்ணு இது." நவம்பர் சூரியன் மேல் விரல் நின்றது. "இத்த அந்த ஆபீசு கரீட்டா சொல்லிச்சு. கடலையே பாக்காம. எப்டின்னு கேக்கத்தான் சார் போணும்னேன்."

சுந்தரராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தண்ணீர் பட்டிருந்தது, டேங்க் தண்ணீர். முப்பது வருஷ உத்தியோகத்தில், தான் போட்ட கட்டங்களில் எவை தப்பு என்று தானாக விரல் வைத்துக் காட்டிய அமைச்சரையோ ஆசிரியரையோ அதிகாரியையோ அவர் பார்த்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அவர் கேட்டது வேறு.

"உங்கப்பா நாளைக்கு என்ன சொல்றார்?"

"வெயிலு சார். மண்டைய பொளக்குமாம்."

"நெஜமா அவர் சொன்னதா, நீ ஆசைப்பட்டதா?"

"நைனா சத்தியமா!"

அவர் போனை எடுத்தார். "நான்தான்... நாளைக்குப் பிழி. கூழ் நிறையவே கிண்டு... இல்லை, இது மந்திரி இல்லை, மந்திரியோட அப்பா." போனை வைத்துவிட்டு எழுந்தார், பெஞ்சும் கூடவே எழுந்தது. ராபர்ட் அதைப் பிடித்து இழுத்து விடுவித்தான். "வடாம் காஞ்சா பஸ். காயலேன்னா நாலாம் கிளாஸ். இனிமே என்கிட்ட யாரும் வந்து நிக்கப்படாது."

அவர் போன பிறகு அஸ்வினி ஸ்டூலில் ஏறினாள். சார்ட்டில் கட்டங்கள் தீர்ந்துபோயிருந்தன. பார்டருக்கு வெளியே, சுண்ணாம்புச் சுவரிலேயே, ஸ்கெட்சால் ஒரு கட்டம் போட்டு, பதினொன்று என்று எழுதி, ஒரு சூரியனை வரைந்தாள். "ஏட்டி, சுவரு!" என்றார் மிஸ். ஆனால் அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதைச் செயலியில் ஏற்றவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே அஸ்வினி குடியிருப்பின் மொட்டை மாடியில் நின்றாள். பிறந்ததிலிருந்து அன்றுதான் அவள் அன்றைய வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு மணிக்குக் கடலிலிருந்து ஒரே ஒரு மேகம் எழும்பி, கலங்கரை விளக்கப் பக்கமாகத் திரும்பி, நேராக மயிலாப்பூரை நோக்கி நகர்ந்தது. இவ்வளவு பெரிய ஊரில் அதற்குப் போக வேறு இடமே கிடைக்கவில்லை.

"ஏய், அந்தாண்ட போ!" என்று கையை வீசினாள். கீழே துணி அலசிக்கொண்டிருந்த அக்கா, தன்னைச் சொல்வதாக நினைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினாள். மேகம் கோபுரத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, வேலை எதுவும் செய்யாமல் கலைந்துபோனது.

சாயங்காலம் வசந்தியின் போனுக்கு மிஸ் ஒரு படம் அனுப்பினார். வேட்டித் துணியில் வரிசை வரிசையாக வடாம், ஓரத்தில் காக்கைக்காக விரித்துவைத்த கறுப்புக் குடை. கீழே ஒரு வரி: திங்கள் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வரவும், பஸ்.

போனைத் தூக்கிக்கொண்டு அவள் மணலுக்கு ஓடினாள். குப்பன் சிவப்புக் காயைக் குறி வைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, திங்கக்கெழம அந்த ஆபீசுக்குப் போறேன். பஸ்ல."

"எந்த ஆபீசு?"

"ஏசி ரூம்ல குந்திக்கினு காத்தப் பத்திப் பேசுவாங்கன்னு சொல்லுவல்ல, அது."

ஸ்டிரைக்கர் சிவப்பைத் தொடாமல் போய்ப் பலகையில் இடித்துத் திரும்பி வந்தது. அவர் அடித்துத் தவறியதை அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த யாரும் அந்த வாரம் பார்த்ததில்லை. ஒருவன் என்னவோ கிண்டல் செய்ய வாயெடுத்தான். குப்பன் அவனைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. பவுடர் ஒட்டிய விரலை லுங்கியில் துடைத்தார்.

"அந்த நவம்பர் மாசம்..." என்று ஆரம்பித்தார்.

"அத்தத்தான் நைனா கேக்கப் போறேன்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவளைக் கிட்டே இழுத்தார்.

"ஒயுங்கா கேட்டுக்கினு வா. ஆனா நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாத."